கல்லறை இல்லாத பிரதமர்: 1976 சிங்மிங் நாட்களில் பெய்ஜிங்கில் நடந்தது

சூ என்லாய்க்குக் கல்லறை கிடையாது. 1949-இல் மக்கள் சீனம் பிறந்ததிலிருந்து சாகும்வரை அவர்தான் பிரதமர். 1976 ஜனவரி 8 காலை, பெய்ஜிங் மருத்துவமனை ஒன்றில் புற்றுநோயால் இறந்தபோது வயது 77. தன் சாம்பலை எங்கேயும் வைக்க வேண்டாம், தூவிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். ஜனவரி 15 இரவு ஒரு சிறு விமானம் பெய்ஜிங்கிலிருந்து கிளம்பி, மியுன் நீர்த்தேக்கம், தியான்ஜின், மஞ்சள் ஆறு கடலில் கலக்கும் பக்கம் என்று தூவிக்கொண்டே போய்த் திரும்பியது.

பெருந்தன்மையான ஆசைதான். ஆனால் செத்தவருக்குப் பூ வைக்க ஓர் இடம் வேண்டுமே! சிங்மிங் என்பது சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய், புல் செதுக்கி, படையல் வைத்துவிட்டு வரும் நாள். ஏப்ரல் தொடக்கத்தில் வரும். அந்த வருஷச் சிங்மிங்குக்குச் சூ என்லாய்க்குப் பூ வைக்க நினைத்தவர்களுக்குப் போக இடமில்லை. இடத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்: தியானன்மென் சதுக்கம், மக்கள் வீரர் நினைவுத்தூணின் அடி. நாட்டின் நடுமுற்றம். எதிரே மாவோவின் படம், பக்கத்தில் மக்கள் மாமண்டபம்.

அங்கே வைத்த மலர்வளையங்கள் மூன்று வாரத்துக்குள் எப்படி ஓர் அரசியல் கலகமாக மாறின என்பதுதான் இங்கே பார்க்கப்போவது. ‘துக்கம் என்பது வெறும் சாக்கு, உள்ளே அரசியல்தான் இருந்தது’ என்று அன்றைய அரசு சொன்னது. ‘மக்கள் ஆரம்பத்திலிருந்தே போராளிகள்’ என்று பின்னால் வந்த அரசு சொன்னது. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. துக்கமும் கோபமும் ஒரே மலர்வளையத்தில் கட்டப்பட்டிருந்தன. அதைப் பிரித்துக் கோபத்தை மட்டும் தெருவில் விட்டது அரசே, ஒரே ராத்திரியில்.

இழவு கேட்கவும் கட்டுப்பாடு

ஜனவரி 11 அன்று சூவின் உடலைத் தகனத்துக்காக நகரின் மேற்கே பாபாவ்ஷானுக்குக் கொண்டுபோனார்கள். சாங்கான் சாலையின் இருபுறமும் கடுங்குளிரில் பத்து லட்சம் பேருக்கு மேல் மணிக்கணக்காக நின்றார்கள். யாரும் அவர்களைக் கூட்டிவரவில்லை. அன்றைய சீனாவில் இது சாதாரணமில்லை. கட்சிக்குள் எதிரிகளைக் களைவதாகச் சொல்லி மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சி பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்த நாடு அது. கூட்டம் என்றால் வேலையிடமோ கட்சிக் கிளையோ கொடியைக் கையில் கொடுத்து அழைத்துப்போவதுதான் வழக்கம். தானாக வந்த கூட்டத்தைப் பார்த்து மேலிடத்தில் சிலருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

கெடுபிடி உடனே தொடங்கியது. கறுப்புப் பட்டை கட்டாதே, மலர்வளையம் வைக்காதே, இரங்கல் கூட்டம் போடாதே, அஞ்சலி மண்டபம் அமைக்காதே, படம் மாட்டாதே என்று வேலையிடங்களுக்குச் சொல்லப்பட்டது. ‘ஐந்து கூடாது’ என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜனவரி 15 இரங்கல் கூட்டத்துக்கு மாவோ வரவில்லை. அவர் உடல்நிலை மோசம் என்பது உண்மை, ஆனால் வெளியே நின்றவனுக்கு அது தெரியாது. புகழுரை வாசித்தவர் துணைப் பிரதமர் டெங் சியாவோபிங். அதன்பிறகு டெங்கை வெளியில் காணவில்லை. பிப்ரவரியில் தற்காலிகப் பிரதமராக ஹுவா குவோஃபெங்கின் பெயர் வந்தது. நாளிதழ்கள் டெங்கைப் பெயர் சொல்லாமல் திட்டத் தொடங்கின: ‘திருந்தாத முதலாளித்துவப் பாதைக்காரன்’.

சூ என்லாய் மகான் இல்லை. பண்பாட்டுப் புரட்சியில் மாவோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்; நாட்டின் தலைவராக இருந்த லியூ ஷாவ்சியைக் கட்சியைவிட்டுத் துரத்தியதிலும் அவருக்குப் பங்குண்டு. இருந்தாலும் சாமானியர் கண்ணில் அவர், அடிப்பவர்கள் நடுவே கொஞ்சம் தடுத்தவர். 1975 ஜனவரியில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, விவசாயம், தொழில், பாதுகாப்பு, அறிவியல் நான்கையும் நவீனமாக்குவோம் என்று தேசிய மக்கள் பேரவையில் பேசினார். வயிற்றுப்பாட்டைப் பற்றி ஒருவர் பேசிக் கேட்டே பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்காக அழுதவர்கள் அவருக்காக மட்டும் அழவில்லை. தங்கள் பத்து வருஷத்துக்கும் சேர்த்தே அழுதார்கள். செத்தவரைப் புகழ்கிற சாக்கில் இருப்பவரைக் குத்துவது எந்த ஊர் இழவு வீட்டிலும் நடப்பதுதானே.

ரயில் பெட்டியின் மேல் வந்த செய்தி

பொறி விழுந்தது பெய்ஜிங்கில் இல்லை. ஷாங்காயின் வென்ஹுய் நாளிதழ், ஜியாங் சிங்கின் கும்பலுக்கு நெருக்கமானது. மாவோவின் மனைவி ஜியாங் சிங்கும், ஜாங் சுன்ச்சியாவ், யாவ் வென்யுவான், வாங் ஹோங்வென் ஆகிய மூவரும் பின்னால் ‘நால்வர் கும்பல்’ என்று பெயர் வாங்கியவர்கள். மார்ச் 5 அன்று அந்த இதழ் ஒரு செய்தியை வெளியிடும்போது அதிலிருந்த சூவின் வாசகத்தை வெட்டிவிட்டது. மார்ச் 25 அன்று முதல் பக்கத்தில் ஒரு வரி: கட்சிக்குள் இருக்கும் அந்த முதலாளித்துவப் பாதைக்காரன், இன்னொரு திருந்தாத முதலாளித்துவப் பாதைக்காரனைப் பதவியில் ஏற்றப் பார்த்தான். இரண்டாமவன் டெங் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியென்றால் முதலாமவன் யார்? வாசித்தவர்கள் நொடியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். செத்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் பிணத்தின்மேல் சேறு.

சூ பிறந்தது ஜியாங்சு மாகாணம். நான்ஜிங் அதன் தலைநகர். மார்ச் 28 முதல் அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் மலர்வளையத்தோடு ஊர்வலம் போனார்கள். 1946-இல் அன்றைய ஆளும் கட்சியான குவோமிந்தாங்குடன் பேச்சு நடத்த வந்தபோது சூ தங்கிய மெய்யுவான் வீட்டுக்கும், யூஹுவாதாய் தியாகிகள் இடுகாட்டுக்கும். இந்தச் செய்தியை எந்த நாளிதழும் போடாது, வானொலியும் சொல்லாது. மாணவர்கள் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். நகரைத் தாண்டிப் போகும் வண்டிகளின் பெட்டிகள்மேல் பெரிய எழுத்தில் எழுதினார்கள். வழியில் கழுவிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் தாரை எடுத்தார்கள். தார் அவ்வளவு சுலபத்தில் போகாது. தணிக்கையின் கையில் நாட்டின் ஒவ்வொரு அச்சகமும் இருந்தது. ஓடும் ரயிலின் பக்கவாட்டை அதில் யாரும் சேர்த்திருக்கவில்லை.

தூணைச் சுற்றி ஒரு கவியரங்கம்

பெய்ஜிங்கில் முதல் மலர்வளையத்தை வைத்தது ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம். சாவ்யாங் மாவட்டத்து நியூஃபாங் பள்ளிப் பிள்ளைகள், மார்ச் 19. அது உடனே அகற்றப்பட்டது. ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. மார்ச் 30-க்குப் பிறகு தொழிற்சாலைகள் அணிவகுத்து வர ஆரம்பித்தன.

தூணைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும். 37.94 மீட்டர் உயரம். வடக்கு முகத்தில், அதாவது மாவோவின் படத்தைப் பார்த்தபடி, மாவோவின் கையெழுத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறது. தெற்கு முகத்தில் உள்ள நீண்ட வாசகமும் மாவோ இயற்றியதே, ஆனால் எழுதிய கை சூ என்லாயுடையது. சாம்பலே இல்லாத மனிதரின் கையெழுத்து கல்லில் இருந்தது. இதைவிடப் பொருத்தமான சமாதி வேறெங்கே கிடைக்கும்?

‘சிங்மிங் பேய்த் திருவிழா, மலர்வளையம் பழைய குப்பை’ என்று ஏப்ரல் 2-ஆம் தேதி வாக்கில் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் தொலைபேசியில் அறிவுறுத்தல் போயிற்று. பலன் நேர்மாறு. ஒரு கனரக மின்இயந்திர ஆலையிலிருந்து தொழிலாளிகள் இரும்பிலேயே மலர்வளையம் செய்து தூக்கிவந்தார்கள். காகிதம் என்றால் கிழித்துவிடுவார்கள், இதைக் கிழித்துப் பாருங்கள் என்பதுதான் அர்த்தம். சதுக்கத்து ஊசியிலைச் செடிவேலிகள் முழுக்க வெள்ளைக் காகிதப் பூ. தூரத்தில் பார்த்தால் பனி பெய்து நின்றதுபோல் இருந்திருக்கும்.

அப்புறம் கவிதைகள். மலர்வளையத்தில் குத்தியும், தூணில் ஒட்டியும், மரத்தில் தொங்கவிட்டும் ஆயிரக்கணக்கில். முன்னால் நிற்பவர் உரக்க வாசிப்பார். பின்னால் நிற்பவர்கள் ஒருவர் முதுகில் நோட்டை வைத்து ஒருவர் எழுதிக்கொள்வார்கள். பல கவிதைகள் சாதாரண ஒப்பாரிதான். சில அப்படி இல்லை. அன்றைக்கு மிகவும் பிரபலமான ஒன்றின் சாரம் இது: அழ வந்தால் பேய்களின் கூச்சல் கேட்கிறது, நான் அழ, ஓநாய்கள் சிரிக்கின்றன, வீரனுக்குக் கண்ணீர் சிந்திவிட்டுப் புருவம் உயர்த்துகிறேன், வாள் உறையைவிட்டு வெளியே வருகிறது. நான்கே வரி. முதல் வரியில் இழவு வீடு, கடைசி வரியில் போர்க்களம்.

சிலேடைப் பிரியர்களுக்கு விருந்தாக இன்னொன்று. ஹுவாங்பு நதியின்மேல் ஒரு பாலம் இருக்கிறது, நதிப்பாலம் இற்றுப்போய் ஆடுகிறது, விழப்போகிறது. உத்தரவு கொடுங்கள், இடிக்கவா, எரிக்கவா? பொதுப்பணித் துறைக்கு எழுதிய மனுபோல இருக்கிறது. ஹுவாங்பு ஷாங்காயின் நதி. நால்வர் கும்பலின் கோட்டை அந்த நகரம். சீனத்தில் ‘ஜியாங்’ என்றால் ஆறு, ‘ச்சியாவ்’ என்றால் பாலம், ‘யாவ்’ என்றால் ஆட்டம். சேர்த்துச் சொன்னால் ஜியாங் சிங், ஜாங் சுன்ச்சியாவ், யாவ் வென்யுவான் மூவரும் வரிசையாக வந்து நிற்கிறார்கள். ‘நாங்கள் பாலத்தைத்தானே சொன்னோம்’ என்று கை விரித்துவிடலாம். செடிவேலியில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் தொங்கின. ‘சின்னக் குப்பி’க்குச் சீனத்தில் சியாவ்பிங். டெங்குக்கு ஆதரவு சொல்ல ஒரு காலிப் பாட்டில் போதும் என்றாகிவிட்டது.

ஜியாங் சிங்கைக் குத்த பழைய மகாராணிகளையும் இழுத்தார்கள்: சிசி, வூ சேத்தியன். அந்த வரிசையில் இந்திரா காந்தியின் பெயரும் வந்தது. நெருக்கடிநிலை அமலில் இருந்த வருஷம். அதிகாரம் பிடித்த பெண் என்றதும் பெய்ஜிங்காரருக்கு டெல்லிவரை நினைவு போயிருக்கிறது. (பெண் என்பதையே வசவாக்கும் புத்தி அந்தச் சதுக்கத்திலும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) மாவோவையே தொட்டவை ஒன்றிரண்டுதான். ‘சின் ஷி ஹுவாங்கின் காலம் போய்விட்டது’ என்றது ஒரு கவிதை. சீனாவின் முதல் பேரரசரோடு தன்னை ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டவர் மாவோ. அந்த வரி யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 4 சிங்மிங், ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. அன்று ஒருநாளில் வந்துபோனவர்கள் இருபது லட்சம்வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அன்று மாலைவரை பெரும்பாலானவர்கள் செய்தது பூ வைப்பது, வாசிப்பது, எழுதிக்கொள்வது, வீட்டுக்குப் போவது. அங்கங்கே கைகலப்பு உண்டு, கைதும் உண்டு. ஆனால் ஒரு கல் விழுந்து கண்ணாடி உடையும் நிலை இன்னும் வரவில்லை.

இருநூறு லாரி

அன்றிரவு ஹுவா குவோஃபெங் தலைமையில் கட்சியின் உயர்மட்ட அரசியல் குழு கூடியது. இது திட்டமிட்ட எதிர்ப்புரட்சி என்று முடிவுகட்டினார்கள். மாவோ படுக்கையில். அவரிடம் செய்தி கொண்டுபோய் உத்தரவு வாங்கி வந்தவர் அவருடைய தம்பி மகன் மாவோ யுவான்சின், நால்வருக்கு வேண்டியவர். சதுக்கத்தில் என்ன நடக்கிறது என்று மாவோவுக்குத் தெரிந்தது அந்த ஒரு குழாய் வழியாகத்தான்.

விடிவதற்குள் சுமார் 200 லாரி வந்து மலர்வளையங்களை வாரிக்கொண்டு போயின. பூக்களுக்குக் காவலாக நின்ற ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அரசின் பக்கம் நின்று யோசித்தாலும் இது விளங்காத முடிவு. சிங்மிங் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும். காகிதப் பூ ஒரு மழைக்குத் தாங்காது. இரண்டு வாரம் சும்மா இருந்திருந்தால் சதுக்கத்தைக் காற்றே கூட்டியிருக்கும். அப்படிச் செய்யாமல், வைத்த படையலை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கினார்கள். கவிதை எழுதியவனைப் பிடித்திருந்தால் அது அரசியல். அவன் ஒருத்தன் கோபம். பூவை எடுத்தால் அது சாவு வீட்டில் திருடியதுபோல. பூ வைத்த இருபது லட்சம் பேருக்கும் அது சொந்த விஷயம்.

ஏப்ரல் 5

காலையில் வந்தவர்கள் கண்டது காலிச் சதுக்கம். தூணைச் சுற்றிக் காவல். ‘மலர்வளையத்தைத் திருப்பிக் கொடு, தோழர்களைத் திருப்பிக் கொடு’ என்ற முழக்கம் கிளம்பியது. வெகுசீக்கிரம் ஒரு லட்சம் பேர் ஆனார்கள். மாமண்டபத்தின் படிகளில் முட்டி மோதினார்கள். ஒலிபெருக்கி வண்டி ஒன்றைக் கவிழ்த்தார்கள். சதுக்கத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரு சிறிய கட்டடம் இருந்தது. காவல்துறை, குடிப்படை இரண்டுக்குமான தலைமையிடம் அது. கூட்டம் அங்கே நகர்ந்தது.

அங்கே நடந்த பேச்சுவார்த்தை கவனிக்க வேண்டியது. கூட்டத்தின் சார்பில் சிலர் உள்ளே போய்க் கேட்டவை மூன்றே மூன்று: மலர்வளையத்தைத் திருப்பிக் கொடுங்கள், பிடித்துப்போனவர்களை விடுங்கள், பிரதமருக்கு அஞ்சலி செலுத்தும் உரிமையை உறுதி செய்யுங்கள். ஆட்சி மாற்றம் கேட்கவில்லை, டெங்கைக் கொண்டுவா என்றுகூடக் கேட்கவில்லை. முதல் நாள் கவிதைகளில் வாள் உருவியவர்கள், மறுநாள் நேருக்கு நேர் நின்றபோது கேட்டது பூவை. பதில் வரவில்லை. வாகனங்கள் எரிந்தன. மாலை ஐந்து மணி வாக்கில் அந்தக் கட்டடமும் எரிந்தது.

ஆறரை மணி அளவில் பெய்ஜிங் நகரத் தலைவர் வூ தேயின் குரல் ஒலிபெருக்கிகளில் வந்தது. கெட்டவர்கள் சிலர் சிங்மிங்கைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், உடனே கலைந்துபோங்கள். பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஒன்பதரை மணிக்கு மேல் சதுக்கத்து விளக்குகள் திடீரென்று எரிந்தன. தடி ஏந்திய குடிப்படையும் காவலர்களும் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். தூணடியில் மிச்சமிருந்த சில நூறு பேரை அடித்து இழுத்துப்போனார்கள். துப்பாக்கி சுடவில்லை. சதுக்கத்தில் யாரும் சாகவில்லை என்பது பிற்கால அரசின் கணக்கு. இந்த நிகழ்வு தொடர்பாகக் கைதானவர்கள் மொத்தம் 388 பேர் என்பதும் அதே கணக்குதான்.

செய்தித்தாள் செய்த உபகாரம்

ஏப்ரல் 7 இரவு வானொலியில் இரண்டு தீர்மானம். ஹுவா முழுப் பிரதமர். டெங்கின் எல்லாப் பதவிகளும் பறிப்பு. ஆனால் கட்சி உறுப்பினராக இருக்கலாம், நடத்தையைப் பார்ப்போம். மாவோ அவரை முழுசாக முடித்துவிடவில்லை. பின்னால் நடந்ததெல்லாம் அந்த ஒரு சலுகையின் மேல் நின்றது.

மறுநாள் கட்சியின் மக்கள் நாளிதழ் விரிவான கட்டுரை போட்டது. டெங்கை ‘சீனாவின் நாகி’ என்றது. 1956 ஹங்கேரி எழுச்சியின்போது பிரதமராக இருந்தவர் இம்ரே நாகி. எவ்வளவு கொடிய எதிர்ப்புரட்சி என்று காட்டுவதற்காக அந்த வாள் கவிதையையும், சின் ஷி ஹுவாங் கவிதையின் வரிகளையும் எடுத்து அச்சிட்டது. சதுக்கத்தில் முதுகில் நோட்டு வைத்து எழுதியவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கலாம். இப்போது நாடு முழுக்க, அரசுச் செலவில், காலைத் தாளில் கவிதை போய்ச் சேர்ந்தது. தாங்கள் எழுதிவைத்ததை ஒப்படைக்கச் சொல்லி வேலையிடங்களில் நெருக்கியபோது பலர் ஒளித்துவைத்தார்கள்.

செப்டம்பர் 9 அன்று மாவோ இறந்தார். அக்டோபர் 6 அன்று நால்வர் கும்பல் கைதானது. பெய்ஜிங் அயல்மொழிக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர்கள் 16 பேர் ஒளிந்திருந்த கவிதைகளைத் திரட்டி வெளியிட்டார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் துங் ஹுவாய்ஜோ. கேட்டால் ஓர் ஆளின் பெயர்போல இருக்கும், ‘ஜோ’ என்பது சூவின் பெயரேதான், ஒலியைப் பிரித்தால் ‘சேர்ந்து சூவை நினைப்போம்’. 1978 நவம்பரில் பெய்ஜிங் கட்சிக் குழு இது முழுக்கப் புரட்சிகரமான செயல் என்று அறிவித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்ப்புரட்சி, இப்போது புரட்சி. அடுத்த மாதம் நடந்த மத்தியக் குழுக் கூட்டத்தில் டெங்கின் கை ஓங்கியது. குப்பிகளைத் தொங்கவிட்டவர்கள் ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது.

அதே தூண், வேறு சாவு

1989 ஏப்ரல் 15 அன்று ஹு யாவ்பாங் இறந்தார். மாணவர்களிடம் கண்டிப்புக் காட்டவில்லை என்று 1987-இல் கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டவர். மாணவர்கள் மலர்வளையத்தை எங்கே கொண்டுபோனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 22, இறுதி அஞ்சலி நாள். மூன்று மாணவர்கள் மனுவைத் தலைக்குமேல் ஏந்தி மாமண்டபப் படிகளில் மண்டியிட்டார்கள். பெருந்தலை யாரும் இறங்கி வந்து அதை வாங்கவில்லை. ஏப்ரல் 26 அன்று மக்கள் நாளிதழின் தலையங்கம் அதைக் ‘கலவரம்’ என்றது. அந்த முடிவின் பின்னால் இருந்தவர் டெங் சியாவோபிங். 1976-இல் சதுக்கத்தால் பிழைத்தவர் 1989-இல் சதுக்கத்துக்குப் படையை அனுப்பினார். இந்தமுறை தடி இல்லை, துப்பாக்கியும் டாங்கியும். மாணவர்கள் குப்பிகளைத் தொங்கவிடவில்லை, போட்டு உடைத்தார்கள்.

1976-இல் அரசு மலர்வளையத்தை அகற்றிச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. 1989-இல் மலர்வளையத்தை வைக்க விட்டுச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. அதன்பிறகு கட்சி அஸ்தியைக் கவனிக்க ஆரம்பித்தது.

ஹு யாவ்பாங்கின் சாம்பல் 1990-இல் ஜியாங்சி மாகாணத்தில், பெய்ஜிங்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி அடக்கம் செய்யப்பட்டது. 1989-இல் மாணவர்களைப் பார்க்கச் சதுக்கத்துக்கு நேரில் போனதோடு பதவி இழந்த கட்சித் தலைவர் ஜாவோ சியாங், வீட்டுக்காவலிலேயே 2005 ஜனவரி 17 அன்று இறந்தார். எங்கே புதைப்பது என்பதில் குடும்பத்துக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. அஸ்தி வீட்டிலேயே இருந்தது. சிங்மிங்குக்குச் சிங்மிங் அந்தச் சந்தில் காவலர்கள் நின்று, வருகிறவர்களைக் கணக்கெடுத்தார்கள். 2019 அக்டோபரில்தான் பெய்ஜிங்குக்கு வெளியே ஒரு தனியார் இடுகாட்டில், மனைவியின் அஸ்தியோடு சேர்த்து அடக்கம் நடந்தது. பதினான்கு வருஷம் அந்தச் சாம்பல் ஜாவோவின் வீட்டு அறையில் இருந்தது.